மேட்டில் எடுத்த போத்தல்கள்

மாலை ஆறு இருபது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து டயகம பஸ் நிறுத்தத்துக்கு இறங்கும் பாதை. மூடுபனி. கூட யாருமில்லை…

இவ்வளவு சொன்னதுமே ஜீவராஜ் போர்வையை இழுத்துக்கொண்டான். மழையில் கரண்ட் போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது. என் வீட்டு முன்னறையில் ஒரு மெழுகுவர்த்தி, தோட்டத்து நண்பர்கள் இரண்டு பேர், நான். உள்ளறையில் என் மகள் தக்ஷிகா தூங்கினாள். பிறந்து நாற்பது நாள்.

"யாருக்குண்ணே நடந்திச்சு? ஒங்க மாமா மகனுக்கா?"

"இவரு சொல்ற பேயெல்லாம் இவரு மச்சானோட சித்தப்பாவத்தான் புடிக்கும்," என்றான் சின்னத்தம்பி. "அந்த மனுசன் ஒண்ணையும் விட்டு வைக்கல."

"எனக்கு நடந்தது," என்றேன்.



மே மாத மழையில் லயத்துக்கு மேலிருந்த மேடு சரிந்தது. மண்ணோடு சின்னச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் வந்தன. கட்டைவிரல் உயரம். இருபத்திரண்டு. பழைய போத்தலைப் பார்த்து, எதற்காகச் செய்தது என்று கண்டுபிடித்து, கொழும்பில் ஒருவருக்கு விற்பது என் பழக்கம். பக்கமெல்லாம் வரி வரியாகப் புடைத்திருந்தால் விஷம்… இருட்டிலும் கை தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். அளவுக் கோடு இருந்தால் மருந்து. இவற்றில் அளவுக் கோடு இருந்தது. ஆனால் வாயைத் துணி திரித்து அடைத்திருந்தார்கள். அடியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படிவு. மருந்து அப்படிக் காயாது.

என் மனைவி பூரணிக்கு அப்போது ஏழு மாதம். நான் வலப்பனைக் கடைவீதியில் வளர்ந்தவன். அவள் இந்தத் தோட்டத்துக்காரி. ஒரு போத்தலைக் கையில் எடுத்தவள் உடனே கீழே வைத்தாள்.

"மேட்டுல எடுத்தீங்களா? அது கைப்புள்ளைங்கள பொதச்ச எடங்க. அந்தக் காலத்துல புள்ள செத்தாலும் மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேர் குடுத்து கொழுந்து பறிக்க மலைக்குப் போயிறணும். பால் நிக்குமா? தேயிலைக்கடியில பீச்சி விட மனசு வராம, மருந்துப் போத்தல்ல புடிச்சுப் புள்ள தலமாட்டுல பொதச்சு வைப்பாங்க. திருப்பி வச்சிருங்க."

சரி என்றேன்.

அந்தப் படிவைப் பார்த்தவனுக்கு அவள் சொன்னது உண்மையென்று தெரியாதா? தெரிந்தும் கழுவினேன். 'தோட்ட டிஸ்பென்சரி மருந்துப் போத்தல்' என்று எழுதி ஒட்டிப் பார்சல் கட்டினேன். எதற்குச் செய்தது என்று எழுதினேன். எதற்கு வைத்திருந்தது என்று எழுதவில்லை.

அந்தப் பாதையில்தான் பார்சலை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கொழும்பு பஸ்ஸில் கொடுக்க வேண்டும். பாதி வழியில் முதுகுப்பைக்குள் கண்ணாடி உரசும் சத்தம். நின்றேன். சத்தம் நிற்கவில்லை. பிறகு வாசனை… காய்ச்சாத பால். முதுகில் வெதுவெதுப்பாக ஈரம் இறங்கியது.

திறந்தேன். கழுவிக் காயவைத்த இருபத்திரண்டும் கழுத்துவரை நிறைந்திருந்தன.

கீழே பஸ் ஹார்ன் கேட்டது. ஒவ்வொன்றாகப் பாதையோர வடிகால் கானுக்குள் கவிழ்த்தேன். மறுபடி பையில் அடுக்கினேன். பஸ்ஸைப் பிடித்துப் பார்சலைக் கொடுத்துவிட்டேன்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?" சின்னத்தம்பி மெதுவாகக் கேட்டான்.

"திருப்பி வச்சிட்டேன்னு சொன்னேன். நம்புனா."

பிரசவத்தில் இரத்தம் நிற்கவில்லை. அவள் போனாள். பிள்ளையோடு வீட்டுக்கு வந்தேன். பால்மாவை வாயில் வைத்தால் துப்பினாள். நாள் முழுக்கப் புகட்டினாலும் இரண்டு கரண்டி இறங்காது. நான்காம் நாள் அழவும் தெம்பில்லை. கொழும்புக்காரரிடம் போத்தல்களைத் திருப்பிக் கேட்டேன். கைமாறிவிட்டதாம்.

ஐந்தாம் நாள் காலை பயந்துகொண்டே போய்ப் பார்த்தேன். வயிறு நிறைந்து தூங்கினாள். உதட்டோரம் வெள்ளையாக இருந்தது.

போன கிழமை மருத்துவமாது வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். "நல்லாக் கூடியிருக்கு. யாரு தாய்ப்பால் குடுக்கிறது?" என்றார்.  பால்மா டின் அந்த ஐந்தாம் நாளிலிருந்து குறையாமல் கிடக்கிறது.

தினமும் காலையில், பிள்ளையின் பிடரி படும் இடத்தில், வெள்ளைத் துணியில் விரல் தடம் இருக்கும். கொழுந்து பறிக்கிற விரலில் ஊறுமே, அந்தக் கறுத்த கறை. இரவில் இந்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும்தான். ஒருநாள் தடம் ஒடுக்கமாக இருக்கும். மறுநாள் அகலமாக… ஒரே கை இல்லை.

ஜீவராஜ் உள்ளறைப் பக்கம் திரும்பினான். "நீங்க போயிப் பாக்கலயாண்ணே? யாருன்னு?"

"இல்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

மழை விட்டிருந்தது. 

உள்ளே… தட்… தட்… தட்… உள்ளங்கையால் சின்ன முதுகை மெதுவாகத் தட்டும் சத்தம்.

பிறகு ஓர் ஏப்பம்.