ஒரு சிராய்ப்புகூட இல்லை

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. இருபது பேருக்கு மேல் கூடும் அறை என்றால் வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். இங்கே நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம், அதனால் குறையாக எழுத மாட்டேன். பயப்படாதீர்கள்.

உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம் அல்லவா? என் பெரிய மகனைவிட இரண்டு மூன்று வயது சிறியவராகத் தெரிகிறீர்கள். அவனும் உங்களைப் போலத்தான், யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கையில் மூடியைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் சிக்கும். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. கடியுங்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மழலையர் பள்ளிகளைப் போய்ப் பார்த்து, குழந்தைகளை அங்கே விடலாமா, உரிமத்தைப் புதுப்பிக்கலாமா என்று எழுதிக் கொடுப்பது. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்தேன். என் வட்டாரத்தில் முப்பத்து நான்கு பள்ளிகள். பையில் ஒரு டேப், ஒரு ஸ்பானர், தண்ணீர்ச் சூடு பார்க்க ஒரு வெப்பமானி, கம்பி இடைவெளி பார்க்க ஒரு மரப்பந்து. ஆசிரியைகள் எனக்கு டேப் மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது என்பது அவர்கள் நினைப்பு. குழந்தைகளுக்கு அந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது, முகத்துக்கு நேராகவே டேப் ஆன்ட்டி என்பார்கள். வீட்டிலும் டேப்தான். என் கணவர் தையற்காரர். "அவன் அளந்தா சட்டை வருது, இவ அளந்தா சண்டை வருது" என்று என் நாத்தனார் சொல்வார். நன்றாகத்தான் சொன்னார்.

நான் தெருமுனையில் திரும்பும்போதே பள்ளிக்குத் தகவல் போய்விடும். அடுத்த ஐந்து நிமிடம் அங்கே நடக்கிற ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு பள்ளியில் காலாவதியான தீயணைப்புக் கருவிக்குச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கரடி பொம்மைகளோடு நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு பள்ளியில் அவசர வழியைக் காட்டுங்கள் என்றேன். தலைமை ஆசிரியை ஓர் அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த பாய்களைக் காட்டினார். வழி அதற்குப் பின்னால் இருக்கிறதாம். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அலமாரி நகர்ந்து, கதவு திறந்து, வெளிக்காற்று என் முகத்தில் பட்ட பிறகுதான் எழுந்தேன். மாலை ஆகிவிட்டது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தேன். பதினோரு வருடமாக என் வட்டாரத்தில் எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. விபத்துப் பதிவேட்டைத் திறந்தால் பக்கங்கள் வெள்ளைவெளேரென்று இருக்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். சிலர் மகளின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவார்கள், நான் அதைப் புரட்டுவேன்.

வினையே அங்கேதான் வந்தது. போன வருடம் புது இயக்குநர் வந்தார். கெட்டவர் இல்லை, நல்ல படிப்பு, நல்ல சிரிப்பு. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மேடம், உங்க வட்டாரத்துல பதினோரு வருஷமா ஒரு சிராய்ப்புகூட இல்ல. அப்புறம் எதுக்கு மாசாமாசம் ஆய்வு?"

"ஆய்வு இருந்ததாலதான் சார் இல்ல."

"அத எப்படி நிரூபிப்பீங்க?" என்று சிரித்தார்.

தம்பி, நடக்காத ஒன்றை யாரால் எடுத்துக் காட்ட முடியும்?

மாதாந்திர ஆய்வு நின்றது. இனிமேல் பள்ளிகளே சுய உறுதிமொழிப் படிவம் நிரப்பி அனுப்பிவிடலாம் என்று உத்தரவு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை யாராவது போய் எட்டிப் பார்த்தால் போதும். எனக்கு மாடியில் ஒரு மேசை கொடுத்தார்கள். வருகிற படிவங்களில் முத்திரை குத்துவது என் வேலை. முப்பத்து நான்கு படிவமும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. எல்லாக் கட்டத்திலும் 'உண்டு'. அலமாரித் தலைமை ஆசிரியை 'அவசர வழி: உண்டு' என்று போட்டு, அடியில் அழகாக ஒரு கோடும் இழுத்திருந்தார்.

வீட்டில் புலம்பினேன். என் கணவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போற. முத்திரையைக் குத்திட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வாயேன்" என்றார்.

"எங்கயாவது ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆனா அப்பதான் அவங்களுக்குப் புத்தி வரும்."

அவர் சும்மா சொன்னதுதான். அவரைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள், அவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

நீங்கள் நிதானமாகக் கேட்டால் புரியும். விபத்து எப்படியும் வரப் போகிறது. அலமாரிப் பள்ளியில் தீப்பிடித்து வரலாம். அங்கே அறுபது குழந்தைகள். அதற்கு முன்னால் சிறியதாக ஒன்று வந்துவிட்டால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறோம், அன்று ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது, அழுகிறார்கள். ஊசி போட்டவரை யாராவது போலீசில் பிடித்துக் கொடுக்கிறோமா? அளவு தெரிந்தவர் போட வேண்டும், அவ்வளவுதான். அளவு என்னைவிட யாருக்குத் தெரியும்?

இடம் தேர்ந்தெடுப்பதில் நான் கவனமாக இருந்தேன். ஏனோதானோ என்று நடத்தும் பள்ளியில் செய்திருந்தால் அது பொறுப்பில்லாத வேலை. அதனால் இருப்பதிலேயே நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். தொப்பி டீச்சரின் பள்ளி. வெயிலில் பிள்ளைகளோடு ஆடும்போது பெரிய ஓலைத் தொப்பி போட்டுக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். முப்பத்தைந்து வயது, தனியாக நடத்துகிறார், இருபத்தெட்டுக் குழந்தைகள். நான் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளைச் சுவரில் ஒட்டி வைத்து, முடித்ததை முடித்ததென்று அடித்துக்கொண்டே வருவார். மற்றவர்கள் என்னை மேடம் என்பார்கள். அவர் மட்டும் அக்கா என்பார். முதலுதவிப் பெட்டியில் எல்லாம் இருக்கும். முதலுதவி படித்தவர் வேறு. சறுக்குமரத்துக்குக் கீழே முழுசாக ஒரு அடி ஆழத்துக்கு மணல். நான்தான் போடச் சொல்லியிருந்தேன். மேல்தட்டின் உயரம் நாலடி. விழுந்தால் முழங்கை சிராய்க்கும், மிஞ்சிப்போனால் மணிக்கட்டு விலகும். கணக்குப் போட்டுத்தான் போனேன்.

அது மாதத்தின் முதல் வாரம், வியாழக்கிழமை மதியம். பிள்ளைகள் தூங்கும் நேரம்.

"என்னக்கா, இப்பல்லாம் வரவே மாட்டீங்கன்னு சொன்னாங்க. சும்மாவா வந்தீங்க?"

"சும்மாதாம்மா. பாத்து நாளாச்சேன்னு வந்தேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். எழுதாமலே போயிருக்கலாமே என்று நேற்று உங்கள் ஆட்கள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் பதிய வேண்டும் என்பது நானே கொண்டுவந்த விதி. அதை நானே மீறினால் நன்றாகவா இருக்கும்?

தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். சறுக்குமரத்து மேல்தட்டில் தடுப்புக் கம்பியை நான்கு போல்ட் பிடித்திருக்கும். இடது பக்கத்து இரண்டின் நட்டுகளைக் கழற்றினேன். போல்ட்டை மட்டும் துளையிலேயே நிற்க வைத்தேன். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நாலு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நட்டும் என் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் இருக்கின்றன. உறைமேல் தேதி எழுதியிருக்கிறேன், உங்களுக்குச் சிரமம் இருக்காது.

திரும்பினால் ஜன்னலில் ஒரு முகம். எறும்பு என்று கூப்பிடுவார்கள் அவளை. நாலு வயது. வரிசை என்றால் உயிர், எங்கே நிற்கச் சொன்னாலும் எறும்பு மாதிரி ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் நிற்க வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளை அதட்டுவாள். தூங்காமல் எழுந்து வந்திருக்கிறாள்.

"டேப் ஆன்ட்டி, என்ன பண்றீங்க?"

"சரியா இருக்கான்னு பாக்குறேன் கண்ணு."

"சரியா இருக்கா?"

"இருக்கு. போய்த் தூங்கு."

போய்ப் படுத்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை.

மறுநாள் காலையில் நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். மணலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அள்ளிச் சலிக்க வேண்டும் என்று பழைய குறிப்பு ஒன்றில் நான் எழுதியிருந்தேன். ஆய்வே இல்லாமல் போன பிறகும் அதையெல்லாம் யார் செய்வார்கள்? தொப்பி டீச்சர் செய்தார். ஆள் வைத்து மணல் முழுவதையும் அள்ளி ஓரமாகக் குவித்தார். ஏறக் கூடாது என்று ஏணியின் குறுக்கே கயிறும் கட்டினார். எறும்பு கயிற்றுக்கு அடியில் புகுந்து ஏறியிருக்கிறாள், மணல் மலையை மேலே இருந்து பார்க்க. கீழே நின்ற பிள்ளை ஒன்று, டீச்சர் திட்டுவாங்க, விழுந்துடுவே என்று கத்தியிருக்கிறது. அதற்கு இவள், "விழ மாட்டேன். டேப் ஆன்ட்டி சரின்னு சொன்னாங்க" என்று சொல்லிக் கம்பியில் சாய்ந்தாளாம்.

கீழே வெறும் தரை. ஓரத்தில் சிமென்ட் விளிம்பு.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனுஷிதானே. என் கணக்கில் மணல் இருந்தது. மணல் இல்லாமல் போனதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சம்பவ இடத்தை ஆய்வு செய்ய என்னைத்தான் அனுப்பினார்கள், வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? அறிக்கை பதினாறு பக்கம். பராமரிப்புக் குறைபாடு, மேற்பார்வைக் குறைபாடு என்று எழுதினேன். இரண்டு நட்டுகள் இல்லை என்பதையும் எழுதினேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது, நீங்கள் வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம். பள்ளியைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தொப்பி டீச்சர்மேல் வழக்கு. ஒரு நாள் அலுவலக மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"அக்கா, திங்கக்கிழம நான் அந்தக் கம்பிய ஆட்டிப் பாத்தேங்க்கா. சத்தியமா இறுக்கமாத்தான் இருந்துச்சு. எப்படிக்கா ஆச்சு?"

"ஆட்டிப் பாத்தாப் பத்தாதும்மா. ஸ்பானர் வச்சுப் பாக்கணும்" என்றேன். அழுதார். முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இயக்குநர் அடுத்த மாதமே மாதாந்திர ஆய்வைத் திரும்பக் கொண்டுவந்தார். "மேடம், நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான்" என்று போனில் சொன்னபோது அவர் குரல் உடைந்திருந்தது. நல்ல மனிதர். நான் பையை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினேன். முதல் சுற்றிலேயே நாற்பத்தொரு குறைகள். அலமாரிப் பள்ளியில் அந்தக் கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள், பூட்டில் துருவே பிடித்திருந்தது. உடைத்துத் திறக்க வைத்தேன். அறுபது குழந்தைகள், தம்பி. நீங்கள் எழுதுகிற தாளில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லை என்றால் ஓரத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

எறும்பு பிழைத்துக்கொண்டாள். வலது பக்கம் அசையாது. பேச்சு இன்னும் வரவில்லை, வராது என்றும் சொல்கிறார்கள். நான் மாதம் ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கட்டிலின் பக்கச் சட்டத்தில் இடைவெளி கொஞ்சம் அதிகமாக இருந்தது, சொல்லிச் சரி செய்ய வைத்தேன். அவள் என்னைக் கண்டதும் இடது கையைத் தூக்குகிறாள். அடையாளம் தெரிகிறது என்று அவள் அம்மா சந்தோஷப்படுகிறார்.

போன முறை கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மேடம், அன்னிக்கு மட்டும் நீங்க ஆய்வுக்குப் போயிருந்தீங்கன்னா எங்க புள்ளைக்கு இப்படி ஆயிருக்காது" என்றார்.

மறுக்க என்ன இருக்கிறது, உண்மையைத்தானே சொன்னார்? அந்தப் பள்ளிக்கு என் முறை எப்போதும் மாதத்தின் முதல் வெள்ளி. ஆய்வை மட்டும் அவர்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால், அன்று காலை எட்டரை மணிக்கெல்லாம் நான் அங்கே போய், அந்த இரண்டு நட்டும் இல்லாததை முதல் ஆளாகக் கண்டுபிடித்திருப்பேன்.