வரிசைக்கு எதிரே ஒரு முக்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, மறைந்த நம் டீச்சரின் கணவரே, மகளே, வெளிநோயாளிச் சீட்டைக் கையில் பிடித்தபடியே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! இந்த மருத்துவமனையின் நிர்வாக அலுவலராக நான் இங்கே நிற்கவில்லை. டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவனாக நிற்கிறேன்.

சுகாதாரக் கல்வி அலுவலர் என்பது அவர் பதவி. ‘திருப்பிச்சொல் டீச்சர்’ என்பது நீங்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு ஆண்டுகள்! மருந்து கொடுக்கும் ஜன்னல் வரிசைக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எந்தத் துண்டறிக்கையானாலும் வரிசையில் நிற்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுவார். “இதை வீட்ல போய் எப்படிச் சொல்வீங்க? எனக்குச் சொல்லுங்க” என்பார். ‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்கவே மாட்டார். “அப்படிக் கேட்டா யாரு சார் இல்லேம்பாங்க?”

இன்று அந்த முக்காலி காலி. அவர் இடத்தை நிரப்ப வேண்டாம், சுவரொட்டி போதும் என்று மேலிடத்துக் கடிதம் வந்திருக்கிறது. போதுமா? போதும் என்று நானும் ஒருகாலத்தில் நினைத்தவன்தான். அந்த வெட்கக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன்.

ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு பரவிய வருஷம். ‘பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்’ என்று நானே எழுதி, டீச்சரிடம் காட்டாமலே பத்தாயிரம் தாள் அச்சடித்தேன். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஒரு தாயிடம் படித்தார். அந்தத் தாய் சொன்னாள்: “இதைக் கொடுத்தா பேதி நின்னுடும்.”

“நிக்கலேன்னா?”

“அப்போ இது வேலைக்கு ஆகாதுன்னு கீழே ஊத்திடுவேன்.”

டீச்சர் என் அறைக்கு ஓடி வந்தார். “அனுப்பாதீங்க சார்!” நான் கேட்டேனா? அச்சான தாளை என்ன செய்வது என்றேன். அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் ஒரு தையல்காரம்மா தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை. “ரெண்டு தடவை கொடுத்தேன், நிக்கல, நிறுத்திட்டேன்” என்றார் தாய். டாக்டர் காப்பாற்றினார். அன்று டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்! அவரோ அந்தத் தாயையே கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்து, “நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டீங்க?” என்று கேட்டார். ‘பேதி நிற்காவிட்டாலும் கொடுங்கள். உடம்பிலிருந்து போன தண்ணீருக்குப் பதில் தண்ணீர் இது.’ இன்றுவரை நாம் கொடுக்கும் தாளில் இருப்பது அந்தத் தையல்காரம்மாவின் வாசகம்.

போன மாதம் டீச்சரே நம் வார்டில் படுத்திருந்தார். டாக்டர் சொன்னதை நான் பதமாக எடுத்துச் சொன்னேன். கால் மணி நேரம் பேசிவிட்டு, “புரிஞ்சுதாம்மா?” என்றேன்.

“இத்தனை வருஷம் கழிச்சும் தப்பாவே கேக்குறீங்க சார்” என்று சிரித்தார்.

சரி, நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

“இன்னும் ரெண்டு வாரம். அதானே இவ்வளவு நேரம் சுத்தி வளைச்சீங்க?”

அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நண்பர்களே! அந்த அம்மையார் விட்டுச்சென்ற பணியைத் தொய்வின்றித் தொடர்வோம் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன்! கைதட்டாதீர்கள். மூன்றாம் வரிசையில் அதே தையல்காரம்மா இருக்கிறார், பக்கத்தில் அவர் தோளுக்கு மேல் வளர்ந்த மகள். அம்மா, நான் இப்போது சொன்னதை வீட்டில் போய் எப்படிச் சொல்வீர்கள்?

“நல்லாப் பேசினாருன்னு சொல்வேன் சார். ஆனா நாளைக்கு அந்த முக்காலியில யாரு உக்காருவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே?”

நான்தான் அம்மா. மேலிடத்துக்குப் பதில் எழுதி ஆள் வரும்வரைக்கும், காலை எட்டு மணிக்கு, நான்தான்.