பேர் சொல்லாம காய்ச்சின எண்ணெய்

சாயங்காலம் ஆறு மணி... சிரிக்காதீங்கடா. பிஷ்கேக்ல டிசம்பர் மாசம் ஆறு மணின்னா நம்மூரு நடுராத்திரி மாதிரிதான். அஞ்சுக்கெல்லாம் இருட்டிடும். ஊருக்கு வெளிய ஒரு சந்தை... கப்பல்ல சரக்கு ஏத்துவாங்களே, அந்த இரும்பு கன்டெய்னர், அதையே கடையாக்கி ரெண்டு பக்கமும் வரிசையா நிறுத்தி வச்சிருப்பாங்க. நடுவுல நீளமா ஒரு சந்து. பகல்ல தோள் இடிக்காம நடக்க முடியாது. கடை சாத்திட்டா ஒரு ஈ காக்கா இருக்காது. பனி மட்டும் காலடியில நறுக்... நறுக்...

எனக்கு நடந்ததில்ல இது. அங்க நான் படிச்சப்ப என் ரூம்ல இருந்தான்ல எர்மெக், அவன் பெரியம்மா பையனுக்கு நடந்தது. தலாய்னு பேரு. போர்வைய இழுக்காதடா, எல்லாருக்கும் பத்தும்.

தலாயும் அவன் அக்கா புருஷன் சபரும் சேர்ந்து அந்தச் சந்தைல கம்ப்யூட்டர் கடை வச்சிருந்தாங்க. கிர்கிஸ்காரங்களும் நம்மள மாதிரிதான். மாமன் மச்சான்னா ஒருத்தர ஒருத்தர் வாராம சோறு இறங்காது. அன்னிக்கு புதுசா ஒரு மிஷின் கட்டியிருந்தாங்க. எல்லாமே அப்பத்தான் அட்டைப்பெட்டியிலருந்து பிரிச்ச சாமான். விடிஞ்சதும் ஆள் வந்து எடுத்துட்டு மலைப்பக்கம் போற வண்டியைப் பிடிக்கணும். தலாய் பட்டனைத் தட்டுறான்... ஃபேன் விர்ர்ர்னு ஒரு சுத்து. நின்னுடுது. மறுபடி தட்டுறான். விர்ர்ர்... நின்னுடுது. திரைல ஒரு புள்ளி வெளிச்சம் இல்ல.

"நீ கட்டினதுதானே மாப்ள? அப்ப அப்படித்தான் இருக்கும்"னாரு சபர்.

"வாயை மூடிட்டு லைட்டை இந்தப் பக்கம் காட்டு மாமா."

தலாய் மனசெல்லாம் வீட்டுல. அக்கா ஜில்திஸுக்கு மசக்கை. கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு தங்கின புள்ள. காலைலயே சொல்லி அனுப்பியிருக்கா... "உங்க மாமா ஒரு வாயாடி, சந்தைலயே உக்காந்துடுவாரு. நேரத்தோட நீதான்டா கூட்டிட்டு வரணும்." இவனும் பெரிய மனுஷன் மாதிரி, "நான் பொறுப்புக்கா"ன்னுட்டு வந்திருக்கான்.

பூட் ஆகாத மிஷினுக்கு ஒரே வைத்தியம்தான். கழட்டணும். ஒண்ணைக் கழட்டு, பட்டனைத் தட்டிப் பாரு. சரியாகலயா, அடுத்ததைக் கழட்டு. எதைக் கழட்டினதும் உயிர் வருதோ, அதுதான் கோளாறு. தலாய் கீழ கம்பளியை விரிச்சான். கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டினான்... வச்சான். விர்ர்ர், நின்னுது. ஹார்ட் டிஸ்க்... விர்ர்ர், நின்னுது. மெமரி ரெண்டு துண்டையும் கழட்டி வச்சான். மறுபடி மாட்டும்போது குழம்பக் கூடாதுன்னு எல்லாம் வரிசையா, ஒரே இடைவெளி விட்டு, அவ்வளவு சுத்தமா வைப்பான். மெமரி இல்லன்னா மிஷின் நீளமா பீப்னு கத்தணும். அதுவும் கத்தல.

சபருக்கு இதுல பொறுமை போயிடுச்சு. "இன்னிக்கு வியாழக்கிழமைடா. உங்க அப்பாவுக்கு எண்ணெய் காட்டணும். வீட்டுல செஞ்சா உங்க அக்காவுக்கு அந்த வாடை குடலைப் புரட்டுது. இங்கயே முடிச்சுட்டுப் போயிடலாம்"னாரு.

அது அவங்க வழக்கம். செத்தவங்களுக்கு சோறு வேண்டாமாம், மணமே போதுமாம். வியாழக்கிழமை சாயந்திரம் எண்ணெயை நல்லாக் காய வச்சு மாவைப் பொரிப்பாங்க. வாடை கிளம்பினதும் இது இன்னாருக்குன்னு பேர் சொல்லி ஓதி, ரெண்டு கையாலயும் முகத்தைத் தடவிக்குவாங்க. பேர் சொல்லணும்... அதான் முக்கியம். கடிதத்துக்கு விலாசம் மாதிரி. பேர் இல்லன்னா எது வேணா வந்து எடுத்துக்குமாம்.

டீ போடுற மின்சார அடுப்புல சட்டியை வச்சாங்க. பருத்திக்கொட்டை எண்ணெய். குளிருக்கு கதவை இழுத்து சாத்தியாச்சு. எண்ணெய் புகைய ஆரம்பிச்சுது... சபர் மாவைப் போட்டாரு... சொர்ர்ர்ர்... அந்த வாடை இரும்புப் பெட்டி முழுக்க நிறைஞ்சுது. சபர் உள்ளங்கையை விரிச்சாரு. பேர் சொல்ல வாயைத் திறந்தாரு...

பீப்.

குட்டியா ஒரே சத்தம். கம்ப்யூட்டர்காரனுக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும். 'எல்லாம் சரி, கிளம்பலாம்'னு அர்த்தம். "வந்துடுச்சு மாமா!"ன்னு தலாய் பாஞ்சான். சபரும் எழுந்து ஓடினாரு. தலாய் அப்படியே நின்னுட்டான்... மெமரி ரெண்டும் கம்பளி மேல கிடக்கு. கரண்ட் வயரை அடுப்பைச் சொருகும்போதே அவன்தான் பிடுங்கிப் போட்டிருக்கான்.

"என்னடா?"

"ஒண்ணும் இல்ல மாமா. கிளம்பு. வீட்டுக்குப் போலாம்."

கதவைத் தள்ளினா திறக்கல. வெளில குறுக்குக் கம்பி விழுந்திருக்கு. சந்தையைப் பூட்டுற காவக்காரர் போயி ஒரு மணி நேரம் ஆச்சு. தட்டினாங்க... கத்தினாங்க... இரும்புப் பெட்டி, நம்ம சத்தம் நமக்கே திரும்பி வருது. சட்டில மாவு கருகுற நாத்தம். பேர் யாரும் சொல்லவே இல்ல.

டக். ஹீட்டர் அணைஞ்சுது.

பின்னாடி மிஷின்... விர்ர்ர். நின்னுது.

டக். அடுப்பு அணைஞ்சுது. விர்ர்ர். நின்னுது.

தலாய் போனை எடுத்தான். அக்கான்னு பேர் தெரியுது, அழுத்தப் போறான்... கைலயே செத்துப்போச்சு. விர்ர்ர். நின்னுது. அப்புறம் லைட். விர்ர்ர்...

இருட்டுன்னா இருட்டு, அப்படி ஒரு இருட்டு. அப்பத்தான் தலாய்க்கு விளங்குச்சு. யாரோ ஒவ்வொண்ணா கழட்டுறாங்க. கழட்டிட்டு, தட்டிப் பாக்குறாங்க.

"மாமா, கையைக் குடு. என்ன ஆனாலும் விடாத."

"பிடிச்சிருக்கேன் மாப்ள. பயந்தாங்கொள்ளி." சபர் சிரிக்கத்தான் பாத்தாரு. அப்புறம் மெதுவா கேட்டாரு. "ஏன்டா என் பூட்ஸைக் கழட்டுற?"

"நான் கழட்டல மாமா."

விர்ர்ர். நின்னுது.

"மாப்ள... என் கண்ணாடி..."

விர்ர்ர். நின்னுது.

தலாய் ரெண்டு கையாலயும் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். எங்க அப்பா பேரைச் சொல்லு மாமா, இப்பவாவது சொல்லுன்னு அழுவுறான். அவனே கத்திச் சொல்றான். அப்பா பேரை, தாத்தா பேரை, தெரிஞ்ச செத்தவங்க பேரையெல்லாம் சொல்றான். ஒண்ணும் எடுபடல. சபர் அவன் காதுகிட்ட, குழந்தை மாதிரி, "மாப்ள, உங்க அக்காகிட்ட..."ன்னாரு. அவ்வளவுதான். கட்டிப் பிடிச்சிருந்த கைக்குள்ள கோட்டு மட்டும் தொளதொளன்னு...

விர்ர்ர்ர்ர்ர்ர்...

நிக்கல. ஓடிக்கிட்டே இருந்துது.

விடிஞ்சு காவக்காரர் கம்பியைத் தூக்கித் திறந்தப்ப, தலாய் அந்தக் கோட்டைக் கட்டிக்கிட்டு மூலைல உக்காந்திருக்கான். வேற யாரும் உள்ள இல்ல. திரைல நீலமா வெளிச்சம். மிஷின் அருமையா ஓடுது. அதை வாங்க வந்த ஆள் எட்டிப் பாத்துட்டு, "பரவாயில்லயே, சரி பண்ணிட்டீங்களே"ன்னானாம்.

போலீஸ் வந்துது. பனில ஒரு காலடித் தடம் இல்ல. கன்டெய்னர்ல வேற வழியும் இல்ல. தலாயை ரெண்டு நாள் வச்சு விசாரிச்சுட்டு விட்டுட்டாங்க. அக்கா வீட்டு வாசல்லயே நின்னிருக்கா. "உன்னை நம்பித்தானேடா அனுப்பினேன்"னு ஒரே ஒரு தடவை கேட்டாளாம். அதுக்கப்புறம் இன்னி வரைக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசல.

அவளுக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. தலாய் போலீஸுக்கும் சொல்லல. எர்மெக்கிட்ட மட்டும், அதுவும் குடிச்சிருந்தப்ப சொன்னது... கதவைத் திறந்ததும் வெளிச்சம் முதல்ல அந்தக் கம்பளி மேலதான் விழுந்துச்சாம். கார்டு, டிஸ்க், மெமரி... அதுக்குப் பக்கத்துல பூட்ஸ் ஒரு ஜோடி. கண்ணாடி. கல்யாண மோதிரம். எல்லாம் வரிசையா, ஒரே இடைவெளி விட்டு. கடைசில ரெண்டு தங்கப்பல். சபரோட மேல்வரிசைப் பல்லு. காவக்காரர் பாக்குறதுக்குள்ள தலாய் பல்லை மட்டும் எடுத்து உள்ளங்கைல மூடிக்கிட்டான்.

பெட்டிக்குள்ள சட்டி எண்ணெயே வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, அப்படிக் குளிர்... அந்தப் பல்லு ரெண்டும் வெதுவெதுன்னு ஈரமா இருந்துச்சாம்.