ஏழாம் அத்தியாயத்தின் திருத்தம்

முதல் பதிப்பில் பிழைகள் அதிகம், ஐயா. அச்சகத்தில் இரண்டு பக்கங்களை மாற்றிக் கட்டிவிட்டார்கள். நாற்பதாம் பக்கத்தில் செத்துப்போன மந்திரவாதி அடுத்த பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவான். மாயக் கதைதானே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு வாங்கியவர்களும் இல்லை.

நீங்கள் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெயர் 'ஏழு பூட்டு நகரம்'. வருடம் 1968. ஆசிரியர் த. காளியாயி, பி.ஏ. அந்த பி.ஏ.வை விடக் கூடாது என்று அச்சகத்தாரிடம் சண்டை போட்டேன். கல்லல் பக்கம் எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மூன்று பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பின. பொம்பளைப் பிள்ளை குடும்பக் கதை எழுதினால் பார்க்கலாம் என்று ஒருவர் கார்டு போட்டிருந்தார். காதுத் தோட்டை விற்று நானே ஐந்நூறு பிரதி அடித்தேன்.

அவற்றை வைக்க இடமில்லை. என் அப்பா தங்கச்சாமி காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் காவல்காரர். அந்த வீட்டை நீங்கள்தான் பார்த்துவிட்டீர்களே. நடுவில் வளவு என்கிற முற்றம், சுற்றிலும் அறைகள். ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, ஒரு பூட்டு. மலேயாவில் இருக்கும் அழகுசுந்தரம் செட்டியாரின் அறைச் சாவி மட்டும் அப்பாவிடம் இருந்தது, வெள்ளையடிக்கிறபோது திறப்பதற்காக. நான் அதற்குள் புத்தகங்களை அடுக்கினேன். அப்பாவுக்கே தெரியாது. எழுபதில் அவர் இறந்ததும் காவலும் சாவியும் எனக்கு வந்தன. படித்த படிப்புக்கு வேறு வேலை யாரும் தரவில்லை.

அந்த வீட்டில் குடியிருந்தது சீதை ஆச்சி ஒருவர்தான். பிள்ளையில்லாத கைம்பெண், அறுபது வயது. என் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஆள். அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாளில் முடித்தார். முடித்துவிட்டுச் சிரித்தார்.

ஏழாம் அத்தியாயத்துக்குத்தான் சிரிப்பு. அதில் இளவரசியை ஓர் அறையில் நூறு நாள் பூட்டி வைப்பார்கள். அவள் நிலவொளியைக் குடித்துக்கொண்டு, கூந்தலைக் கோதிக்கொண்டு பாடுவாள்.

"ஏன்டி, நீ எந்த அறையிலயாச்சும் பூட்டிக் கெடந்திருக்கியா?" என்றார். "தண்ணி கேக்காமப் பாட்டுப் பாடுறாளாக்கும் ஒன் ராசகுமாரி. அவளும் பி.ஏ.வோ?"

நான்கு வருடம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். விமர்சனம் சரி என்பதுதான் என்னைத் தின்றது.

எழுபத்திரண்டு ஆவணியில், புத்தகம் அடுக்கியிருந்த அந்த அறைக் கதவுக்கு அடியிலிருந்து கரையான் வெளியே வந்தது. ஆச்சி திறக்கச் சொன்னார். நிலைப்படிக்கு வெளியே நின்றே பார்த்தார். பங்காளி அறைக்குள் அவர் கால் வைக்க மாட்டார்.

"அடி பாவி, அவுக அறைக்குள்ள ஒன் குப்பையா? நாளைக்கு வந்து பாத்தாகன்னா, நான் சாமான எடுத்துப்புட்டு இத அடுக்கி வச்சேம்பாகடி."

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பங்காளிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் பூட்டை இன்னொருவர் தொட்டாலே திருட்டு என்று மனுப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கே வண்டி வரவழைத்து, முன்னடுக்கு நூறு புத்தகத்தை மளிகைக் கடைக்கு அனுப்பினார். நான் தடுக்கவில்லை. மறுநாள் கடையில் புளி வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் இளவரசி பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாளை நீவி மடித்து வைத்தேன். பிறகு ஆச்சியிடம் போய், கரையான் பெட்டகம் வரை ஏறியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். உள்ளே பெட்டகம் இருந்தது உண்மை. கரையான் அதுவரை போகவில்லை. தான் இருக்கும்போது பங்காளி சொத்து கெட்டது என்று பேர் வந்துவிடுமே என்றுதான் ஆச்சி அந்தப் படியைத் தாண்டினார். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும்.

ஒரு மணி நேரம் இருக்கட்டும், அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்றுதான் நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் உட்கார்ந்தேன். பர்மாத் தேக்குக் கதவு. காதை வைத்தால்தான் கேட்கும். முதலில் அதிகாரமாகக் கூப்பிட்டார். பிறகு வைதார். பிறகு செத்துப்போன என் அப்பாவைக் கூப்பிட்டார். மத்தியானம் தண்ணீர் கேட்டார். அவர் அன்றைக்குச் சொன்னது சரிதான். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பத்துப் பக்கம் ஓடியது. என் கை அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை, ஐயா. இருபத்தாறு வயது. கல்யாணம் இல்லை, உத்தியோகம் இல்லை. ஐந்நூறில் விற்றது பதினொன்று. அந்த ஓர் அத்தியாயம் சரியாக வந்தால் நான் எழுத்தாளர். வராவிட்டால் சாகும்வரை அடுத்தவர் வீட்டைப் பெருக்குகிறவள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கும் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது. நாளைக்குத் திறந்துவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அத்தியாயம் முடியட்டும் என்றிருந்தேன்.

வியாழக்கிழமை காலை குமரப்பன் செட்டியார் வந்தார். ஆச்சியின் கொழுந்தன் மகன், வழக்கில் எதிர்க்கட்சி. தன் அறையில் இருந்த வெள்ளிச் சாமான் எடுக்க மனைவி சாலா ஆச்சியோடு வந்திருந்தார்.

"பெரியாத்தா எங்க?"

"காசிக்குப் போயிட்டாக."

"ஒரு வார்த்தை சொல்லாமயா?"

"கேஸ் போட்டவுககிட்டச் சொல்லிக்கிட்டா போவாக?" என்றேன். அவர் தன் அறையைத் திறக்கப் போனார்.

திரும்பும்போது சாலா ஆச்சி அந்தக் கதவுப் பக்கம் நின்றார். உள்ளே ஏதோ தட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றார்.

"பெருச்சாளியா இருக்கும்" என்றார் செட்டியார். "அவுக அறை, நமக்கென்ன. பக்கத்துல நின்னாலே வைரத்தக் காணோம்பாக. இங்குட்டு வா."

நான் மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். "தொறந்து காட்டவா ஆச்சி?"

வேண்டாம் வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். சாலா ஆச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார், சாவி பட்டுவிடும் போல. நான் கேட்டேன், ஐயா. அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பிற்பகல் ஆச்சியின் குரல் கதவுக்கு அடியிலிருந்து வந்தது. படுத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"காளியாயி. ஒன் கதை நல்லாருக்கு ஆத்தா. ரொம்ப நல்லாருக்கு. தொற."

"எந்த எடம் ஆச்சி நல்லாருக்கு?"

"எல்லா எடமுந்தான்."

"ஏழாவது?"

"அதுந்தான் ஆத்தா. தொற."

நான் மறுபடி மறுபடி கேட்டேன். பதினொரு தடவை சொன்னார். நான்கு வருடத்தில் என் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அவ்வளவுதான். உடனே திறந்தால் அது அன்றோடு முடிந்துபோகும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் கூப்பிட்டபோது பதில் இல்லை. அத்தியாயமும் முடிந்திருந்தது. அதன்பின் சாம்பிராணி போட்டேன். வெள்ளி செவ்வாய் வளவில் சாம்பிராணி போடுவது வழக்கம்தான். நான் மற்ற நாளும் போட்டேன்.

இரண்டாம் பதிப்பு எழுபத்திமூன்றில் வந்தது. இந்தத் தை மாதம் மலேயாக்காரர்கள் வந்து அறையைத் திறந்தார்கள். ஆச்சி உள்ளே இருப்பது தெரியாமல் நான் பூட்டிவிட்டேன் என்று கேஸை எழுதி முடிக்கத்தான் நீங்களும் பார்த்தீர்கள். நல்ல மனசு. நானும் நேற்றுவரை வாயைத் திறக்கவில்லை. இன்று காலை இரண்டு பதிப்பையும் மேசைமேல் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னீர்கள். "மத்ததெல்லாம் நீ எழுதுனதுதாம்மா. இந்த ஏழாவது மட்டும் வேற யாரோ எழுதுனது. ஒன்னால முடியாது."

அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அது என் எழுத்து. ஒவ்வொரு வரியும் நான் கேட்டு எழுதியது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்றும் போடுவேன்.

பின்னட்டையைப் பாருங்கள். 'ஒன் கதை நல்லாருக்கு ஆத்தா. ரொம்ப நல்லாருக்கு' என்று ஆச்சி பெயரோடு போட்டிருக்கிறேன். உயிர்ப்பயத்தில் சொன்னது என்பீர்கள். ஆச்சிக்குப் பொய் வராது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கடைசியில் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். அது புத்தகத்தைப் பற்றியது அல்ல.