‘வெளிய போ’ன்னு சொன்னது நான்தான்

ஹலோ... சிஸ்டர், நான் ஃபுட்பால் கோச் பேசுறேன்... ஆமா, ஆமா, வார்டுல டூட்டின்னு தெரியும். அதான் விடாம மூணு தடவை அடிச்சேன்... இல்ல, அடி எதுவும் படல. உங்க தம்பியை... தம்பியைக் காணோம்.

கால் மணி நேரமா. ஹாஃப் டைம்ல தலையை எண்ணினப்பதான் தெரிஞ்சது... கொஞ்சம் கேளுங்க சிஸ்டர்... பாத்ரூம், பஸ், கேலரிக்குப் பின்னாடி எல்லாம் பாத்தாச்சு. நம்ம ஸ்பெஷல் ஸ்கூல் பசங்களோட சேர்ந்து ஆடுற காலேஜ் பசங்க நாலு பேரும் நாலு பக்கம் ஓடியிருக்காங்க... மஞ்சள் சட்டை, ஏழாம் நம்பர்... போன் அவன் பையிலேயே கிடக்கு.

சண்டையெல்லாம் இல்ல... ம்... ஆமா. கத்தினது நான்தான். எதிர் டீம் பையன் ஒருத்தன் விழுந்துட்டான். நம்மாளு பந்தை விட்டுட்டு, அவனைத் தூக்கி உக்கார வச்சு, ஷூ லேஸ் கட்டிவிட ஆரம்பிச்சுட்டான். அந்த இடைவெளியில அவங்க கோல் போட்டுட்டாங்க. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. ‘வெளிய போடா’ன்னுட்டேன்... பெஞ்சுல வந்து உக்காருன்னுதான் சிஸ்டர்... தெரியும். சொன்னதை அப்படியே செய்வான்னு தெரியும். ரெண்டு வருஷமா பாக்குறேனே...

திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இந்தப் பசங்களை மத்தவங்களோட ஆட விட்டதே தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க. தப்பு என் வாயில.

ரோடா?... மெயின் ரோடுதான். லாரி போற ரோடு... தனியா கிராஸ் பண்ணவே மாட்டானா? நிச்சயமா?... அப்போ இந்தப் பக்கமாத்தான் போயிருக்கணும். வைக்காதீங்க, ஓடிக்கிட்டே பேசுறேன்...

கேட்டைத் தாண்டிட்டேன்... அண்ணே, மஞ்சள் சட்டை போட்ட பையன் யாராவது... எந்தப் பக்கம்ணே?... சிஸ்டர், பஞ்சர் கடைக்காரர் பாத்திருக்கார். சுவரை ஒட்டியே போனானாம்...

இருக்கான். இருக்கான் சிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்... அழாதீங்க. ஒரு கீறல் கூட இல்ல.

டேய் ராக்கெட்... டேய், திரும்புடா... என் முகத்தையே பாக்கமாட்டேங்கிறான் சிஸ்டர். போனும் வேணாமாம்... நீங்களே வந்து கூட்டிட்டுப் போறீங்களா? சரி. உங்க இஷ்டம், நான் குறுக்க நிக்கல... ஒரு நிமிஷம் லைன்ல இருங்க. இதை நீங்களும் கேக்கணும்.

டேய், இங்க பாரு. விழுந்தவனை நீ தூக்கிவிட்டது சரி. நான் கத்தினதுதான் தப்பு. மன்னிச்சுடுடா...

அவன் சொன்னது கேட்டுச்சா சிஸ்டர்?... இல்லையா? ‘எல்லார் முன்னாடியும்தானே கத்தினீங்க கோச், அங்க வந்து சொல்லுங்க’ன்றான்...

ம்... ம்... சொல்றேன் சிஸ்டர். எதிர் டீம் முன்னாடியும் சொல்றேன்... நீங்க வர்ற வரைக்கும் என் கண்ணை விட்டுப் போகமாட்டான்... இருங்க, அவன் கிளம்பிட்டான். கேட்டைப் பாத்து எனக்கு முன்னாடி விறுவிறுன்னு நடக்கிறான். நான் வைக்கிறேன்.