பாலத்தில் மறிக்கப்பட்ட அழுகை

மேடையில் வீற்றிருக்கும் வட்டாரத் தலைவர் அவர்களே, காவல் படை அதிகாரிகளே, வெயிலில் நிற்கும் என் ஊர் மக்களே, உங்கள் முன் தலை குனிகிறேன்.

எல்லைக் கூட்டுக் குழுவின் நம் கிர்கிஸ் தரப்புத் தலைவர் ஜூமாலி அசான்பயேவ் அவர்களை நேற்று மண்ணில் வைத்தோம். பதினெட்டு ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தவன் நான். இன்னும் மனம் நம்ப மறுக்கிறது!

கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் தனித்தனி நாடுகளாயின. நம் கால்வாய் நடுவில் மாட்டிக்கொண்டது. தலைநகரங்கள் ஒப்பந்தம் போட்டன. எந்தக் கரைக்கு எந்த நாள் தண்ணீர் என்று யாராவது எழுதினார்களா? இல்லை! அது ஜூமாலிக்கும் அதே குழுவின் அக்கரைத் தஜிக் தரப்புத் தலைவர் நசார்மத்துக்கும் இடையே வெறும் வாய்ப்பேச்சாகவே இருந்தது. நாம் செய்த பெரும் பிழை அது.

ஒரு வசந்தத்தில் இரு தரப்பும் வெவ்வேறு காலத்து வரைபடங்களோடு வந்து மல்லுக்கு நின்றோம். ஜூமாலி இரண்டையும் வாங்கிக் கீழே போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல ரொட்டியப் பிய்யுங்கப்பா. சண்டை எங்க ஓடிடப் போகுது?"

"யோவ், என் நாட்டு மேலயே உக்காந்துட்டியே!" என்றார் நசார்மத்.

"என் நாடும்தான்யா அடியில கெடக்கு!"

துப்பாக்கி ஏந்தியவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அன்று மாலையே மதகு திறந்தது.

சாவுக்கு வராதவன் உறவை அறுத்தவன் என்பது நம் வழக்கம். நேற்றிலிருந்து கேட்கிறீர்கள்: "அந்தாளு ஏன் வரல? பாத்தீங்களா அவனுங்க புத்திய?"

வந்தார்! நசார்மத் வந்தார்! பாலத்தின் அந்த முனையிலிருந்தே, நம் முறைப்படி, உரக்க அழுதுகொண்டு வந்தார். நம் காவலர்கள் மறித்தார்கள். உத்தரவு இந்த மேடையில் இருப்பவர்களிடமிருந்துதான் போனது. என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்கவில்லை, பாவி!

திரும்பும்போது என்னிடம் கேட்டார்: "எங்க ஆளுங்ககிட்ட என்னன்னு போய்ச் சொல்றது? இனிமே இங்க யார்கிட்ட பேசுறது?"

இன்று காலை முதல் அக்கரையில் சண்டைக்கு மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இக்கரையில் நாமும் அடுக்குகிறோம். நாளை மதகு திறக்கும் நாள். நசார்மத் இல்லாமல் நாம் மட்டும் அதைத் தொட்டால் என்ன நடக்கும்? எனக்குப் பயமாக இருக்கிறது, மக்களே!

ஜூமாலியின் பணியைத் தொடர்வேன் என்று ஒலிபெருக்கியில் சூளுரைக்க நான் வரவில்லை. இதோ இறங்குகிறேன். நசார்மத்தின் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடித்து அழுது, நாளை மதகுக்கு அழைத்து வருவேன். தலைவரே, உங்கள் காவலர்களிடம் சொல்லிவிடுங்கள்: நான் அக்கரையைப் பார்த்துத்தான் நடப்பேன். நிறுத்த வேண்டுமென்றால் முதுகில்தான் சுட வேண்டும்.