தேறாத கேஸ்

எங்கள் வீட்டு போனுக்கு நல்ல குரல், சார். அது அடித்தால் மூக்கண்டப்பள்ளி முழுக்க எழுந்து உட்காரும், தூரத்துப் பேரிகை ஊரில்கூட மாடு மிரளும் என்பேன். 2003-இல் எங்கள் லைன் வீடுகளுக்கு அது ஒன்றுதான் போன். என் மனைவி பேச்சியம்மாள் இறந்த பிறகு அதில் என்னைக் கேட்டு யாரும் கூப்பிட்டதில்லை. வந்ததெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கு.

பக்கத்து வீட்டுக் கமலக்கண்ணன் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். குடிப்பான். அவன் மனைவி பொற்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கல்லாவியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு மாசம் தொடாமல் இருந்தால் வருவேன், அதுவரை பேச்சில்லை என்று கெடு. ஞாயிறுதோறும் எனக்குத்தான் போன் பண்ணுவாள். "அவரைக் கேட்டா நல்லாத்தான் இருக்கேம்பாரு. நீங்க சொல்லுங்க பெரியப்பா."

அவன் தொடவில்லை, சார். கடைப்பக்கம் கால் போய்விடக் கூடாதென்று ஷிப்ட் முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்து கேரம் போர்டு முன்னால் உட்காருவான். நான் ஸ்டோர் கீப்பராக இருந்தபோது ஒற்றைக் கையால் லேத் மெஷினை நகர்த்திய கதையைச் சொல்வேன். சொல்லச் சொல்ல மெஷின் ஒரு டன் கூடும். அவன் ஒவ்வொரு டன்னுக்கும் சிரிப்பான்.

ஐந்தாம் மாசம், "அவ வந்ததும் பாகலூர் பக்கம் வீடு பாத்துட்டுப் போயிடுவோம் மாமா" என்றான். அன்று எனக்கு ஒரு காய்கூட விழவில்லை.

தேறாத கேஸ் என்ற பேச்சு எனக்குப் பழக்கம். மச்சானைச் சொல்லியிருக்கிறேன், வாட்ச்மேன் நாயைச் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு சொன்னால் அது செல்லம். பெருமூச்சு விட்டுச் சொன்னால், இனி அந்த ஆளைக் கைகழுவலாம் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறு பொற்கொடியிடம் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன். கர்நாடகா லாரியை நடுரோட்டில் மறித்து, டிரைவரிடம் கன்னடத்தில் பெண் கேட்டான் என்றேன். சாக்கடையில் படுத்து எருமைக்குத் தாலாட்டுப் பாடினான் என்றேன். நன்றாக அமைந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப தேறவே மாட்டாருங்களா பெரியப்பா?"

நான் பெருமூச்சு விட்டேன். "தேறாத கேஸும்மா."

கெடு முடிந்த அன்று அவன் புதுச் சட்டையில் கல்லாவிக்கு பஸ் ஏறினான். மறுநாளே திரும்பி வந்தான். வாசலைத் தாண்ட விடவில்லையாம். அவன் குடித்ததைப் பார்த்த ஆளே சொன்னார் என்றார்களாம், யார் என்று சொல்லவில்லையாம்.

"ஆறு மாசமா என்னைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

ஞாயிறு கூப்பிடுவாள், சொல்கிறேன் என்றேன். அவள் இனிக் கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. பேச்சியம்மாளின் டம்ளரில் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கிறவன் வீடு மாற்றிப் போக மாட்டான், இங்கேயே கிடப்பான் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவன் கேரம் ஆட வரவில்லை. கடைக்குப் போனான். ஒன்பதாம் நாள் பட்டப்பகலில், நெடுஞ்சாலையில் ஓடி வந்த லாரிக்கு நேராக நடந்து செத்துப்போனான்.

பொற்கொடியிடம் நான் பொய் சொன்னதாக என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள், சார். கடைசியில் அவன் தேறவில்லையே. நான் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.